‘இது அப்படித்தான் ஓடும்’ என்றால், எழுதித் தரச் சொல்லுங்கள்

வாசகர் கேள்வி, போர்மென் பதில்

கேள்வி: ஐயா, நான் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஆறு வருடத்துக்கு முன் புதுக் கார் எடுத்தேன், ஆட்டோ கியர். ஒன்பது வருட லோன். இரண்டு வருடமாக டிராபிக் லைட்டில் நின்று கிளம்பும்போது கார் நடுங்குகிறது. ஏற்றத்தில் காலை அழுத்தினால் இன்ஜின் சும்மா கத்திவிட்டு, அப்புறம் தூக்கிப்போடுகிறது. போன மாதம் தைப்பிங்கிலிருந்து ஈப்போவுக்குப் போகும்போது மெனோரா சுரங்கப்பாதை ஏற்றத்தில் சுத்தமாக இழுக்கவில்லை. பின்னால் லோரிக்காரர் ஹாரன் அடிக்கிறார், பிள்ளைகள் இரண்டும் பின்சீட்டில். வாரண்டி இருந்தபோதே பல தடவை சர்வீஸ் சென்டரில் சொன்னேன். “இந்த கியர்பாக்ஸ் அப்படித்தான் ஓடும் மேடம், நீங்கள் ஓட்டும் விதத்தை மாற்றிப் பாருங்கள்” என்றார்கள். இப்போது வாரண்டி முடிந்துவிட்டது. கியர்பாக்ஸ் மாற்ற 14,000 வெள்ளி ஆகும் என்கிறார்கள். கிள்ளானில் இருக்கும் என் சித்தி மகனுக்கும் இதே கார், இதே கோளாறு. கம்பெனிக்குத் தெரிந்தேதான் விற்றிருக்கிறார்கள் என்கிறார் என் வீட்டுக்காரர். லோன் கட்டுவதை நிறுத்திவிடலாமா?

பதில்: டீச்சர், கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். லோனை நிறுத்தாதீர்கள். கோபத்தில் பலர் செய்கிற காரியம் அது. லோன் கொடுத்தது பேங்க், கியர்பாக்ஸ் செய்தது வேறு ஆள். தொடர்ந்து இரண்டு மாதத் தவணை நின்றாலே 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி உங்களுக்கு 21 நாள் நோட்டீஸ் அனுப்ப பேங்குக்கு வழி இருக்கிறது. அதற்கப்புறம் காரை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கார் கையில் இல்லாமல் கோளாறை யாரிடம் காட்டப்போகிறீர்கள்?

சரி, இனி கியர்பாக்ஸ். கம்பெனி பெயரும் மாடலும் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள், இங்கே நான் போடவில்லை. அது எண்ணெயில் ஊறாத இரட்டை கிளட்ச் ரகம். சாதாரண ஆட்டோ கியரில் இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய் நிறைந்த டார்க் கன்வெர்ட்டர் இருக்கும். நின்று கிளம்பும்போது வரும் இழுபறியை அந்த எண்ணெய் வாங்கிக்கொள்ளும். உங்கள் காரில் அது கிடையாது. ஒன்று, மூன்று, ஐந்து கியர்களுக்கு ஒரு கிளட்ச். இரண்டு, நான்கு, ஆறுக்கு இன்னொன்று. ஒன்று விடும்போதே மற்றது பிடித்துவிடும். அதனால் பெட்ரோல் மிச்சம், கியர் மாறுவதும் வேகம். விளம்பரத்தில் இதைத்தான் சொல்வார்கள். நெரிசலில் ஊர்ந்து போகும்போது அந்த கிளட்ச் பாதி பிடித்தும் பாதி பிடிக்காமலும் உரசிக்கொண்டே இருக்கும் என்பதைச் சொல்லமாட்டார்கள். உரசினால் சூடு. இந்த ரகத்தில் சூட்டை வாங்க எண்ணெய் இல்லை, காற்றில் ஆறினால்தான் உண்டு. நம் ஊர்க் காற்று எவ்வளவு ஆற்றும் என்று உங்களுக்கே தெரியும்.

இப்படிப்பட்ட கிளட்ச்சைக் கழற்றிக் கீழே வைத்துப் பார்த்தவன் நான். தட்டின் உரசும் பக்கம் கறுத்துப் பளபளவென்று வழுக்கிக் கிடக்கும். எதிரே இருக்கும் இரும்பு முகத்தில் நீலமும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாகச் சூட்டுத் தழும்பு. பெட்டிக்குள் கரித்தூள். கையில் எடுத்தால் தீய்ந்த வாடை இரண்டு நாள் விரலை விட்டுப் போகாது. சில கார்களில் கியர் தண்டின் சீல் கசிந்து, எண்ணெயே படக்கூடாத தட்டில் எண்ணெய் பூசியிருக்கும். அப்படி இருந்தால் நடுக்கம் இரண்டு மடங்கு. இதில் எதுவுமே நீங்கள் பிரேக்கை மெதுவாக விட்டதாலோ வேகமாக விட்டதாலோ வந்ததல்ல. நின்று நின்று போகும் சாலையில் ஓட்டத்தான் கார் வாங்குகிறோம்.

‘நீங்கள் ஓட்டும் விதம்’ என்ற பதில் உங்களுக்கு மட்டும் கிடைத்ததல்ல. ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு நிறுவனம் பவர்ஷிஃப்ட் என்ற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் வைத்து ஃபியஸ்டா, ஃபோக்கஸ், இக்கோஸ்போர்ட் கார்களை விற்றது. கார் நடுங்குகிறது என்று வந்தவர்களிடம், அது அவர்கள் ஓட்டும் விதம் என்று சொல்லி அனுப்பியது. அந்த கியர்பாக்ஸில் கோளாறு இருப்பது நிறுவனத்துக்குத் தெரியும். அந்நாட்டுப் போட்டி, பயனீட்டாளர் ஆணையம் வழக்குப் போட்டது. 2018 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. கியர்பாக்ஸ் கெட்டுப்போனதற்காக வந்த அபராதம் அல்ல அது. முறையிட வந்தவர்களை நடத்திய விதத்துக்காக வந்தது. உங்கள் கார் வேறு கம்பெனி. ஆனாலும் உங்கள் கவுண்டரில் கேட்ட வசனத்துக்கு அங்கே என்ன விலை ஆனது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஃபோக்ஸ்வாகனும் 2013 நவம்பரில் உலகம் முழுக்க 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, ஏழு கியர் இரட்டை கிளட்ச் பெட்டியின் செயற்கை எண்ணெயை எடுத்துவிட்டு கனிம எண்ணெய் ஊற்றியது. வெயிலும் ஈரமும் உள்ள ஊர்களில்தான் தொல்லை அதிகம் வந்தது. நம்மூரை வேறு எப்படிச் சொல்வது?

இனி சட்டம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், 32-ஆம் பிரிவு. விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. எதை வைத்து அளப்பது? பொருளின் நிலையை முழுதாக, மறைந்திருக்கும் கோளாறு உட்படத் தெரிந்துகொண்ட ஒரு சராசரி ஆள் அதை ஏற்றுக்கொள்வாரா என்பதை வைத்து. பாதுகாப்பு, நீடித்த உழைப்பு எல்லாம் அந்தத் தரத்துக்குள் வருகிறது. விலையையும் பார்ப்பார்கள். கம்பெனிக்கு முன்பே தெரியுமா தெரியாதா என்ற கேள்வி அதில் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை நிரூபிக்கும் சுமையை நீங்களாக இழுத்துத் தலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். ‘நாலு வருடத்தில் ஏற்றத்தில் நின்றுபோகும் என்று தெரிந்திருந்தால் இந்த விலைக்கு வாங்கியிருப்பேனா?’ உங்கள் வழக்கு இந்த ஒரு கேள்விதான்.

வாரண்டி முடிந்தது என்பார்கள். வாரண்டி என்பது கம்பெனி தானாகக் கொடுத்த வாக்கு. சட்டம் கொடுத்த உத்தரவாதம் வேறு. வாரண்டிப் புத்தகத்தில் என்ன அச்சடித்திருந்தாலும் சட்டத்தை எழுதிக் கழித்துவிட முடியாது, 6-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. ‘தயாரிப்பாளர் வெளிநாட்டில் இருக்கிறார், நாங்கள் விநியோகிப்பவர் மட்டும்’ என்பது அடுத்த வசனம். அதற்கும் பதில் இருக்கிறது. வெளிநாட்டுத் தயாரிப்பாளருக்கு இங்கே தொழில் இடம் இல்லாவிட்டால், இறக்குமதி செய்து விநியோகிப்பவரே இந்தச் சட்டத்தில் தயாரிப்பாளர். அதனால் விற்ற ஷோரூம், விநியோகிப்பவர் இரண்டு பெயரையும் போடுங்கள்.

போக வேண்டிய இடம் பயனீட்டாளர் நடுவர் மன்றம். ‘திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா’ என்று கேட்டால் எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு ஈப்போ பக்கம். முதல் பாரத்துக்கு 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். 2019-க்கு முன்பு அது 25,000தான். லாயர் வைக்கத் தேவையில்லை. நீங்கள் மட்டுமல்ல, கம்பெனியும் லாயரைக் கூட்டிவர முடியாது. அங்கே இருக்கும் அனுகூலமே அதுதான். வகுப்பில் நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பவருக்கு ஒரு மேனேஜரிடம் பேசுவது பெரிய காரியமா? தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் கம்பெனி நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். கோளாறு எழுந்த மூன்று வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். உங்களுக்கு இரண்டு வருடம் ஓடிவிட்டது. அடுத்த பள்ளி விடுமுறை வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஆனால் போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஈப்போவில் சர்வீஸ் கவுண்டரில் உட்கார்ந்து பல வருடம் ஜாப் ஷீட் எழுதியவன் நான், அப்புறம்தான் சொந்தப் பட்டறை. நீங்கள் சொன்னதும் ஜாப் ஷீட்டில் ஏறியதும் ஒன்றாக இருக்காது. ‘சந்திப்பில் கார் நகரவில்லை, எதிரே லோரி வந்தது’ என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். தாளில் ‘கியர்பாக்ஸ் செக் செய்யவும்’ என்று ஒற்றை வரி இருக்கும். கீழே ‘சோதித்தோம், நார்மல்’. அதன் கீழே உங்கள் கையெழுத்து. நடுவர் கையில் கிடைப்பது அந்தத் தாள்தான். பழைய ஜாப் ஷீட் எல்லாவற்றின் நகலையும் முதலில் கேட்டு வாங்குங்கள். தேதியும் மீட்டர் எண்ணும் அதில் இருக்கும். வாரண்டி காலத்திலேயே நீங்கள் முறையிட்டதற்கு அதுவே சாட்சி. அடுத்த தடவை போகும்போது உங்கள் வாக்கியத்தை, நீங்கள் சொன்னபடியே எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே நீங்களே எழுதிவிட்டுப் போடுங்கள், பேனா உங்கள் கையில்தானே இருக்கிறது. ‘இது அப்படித்தான் ஓடும்’ என்றால், “சரி தம்பி, அதையே எழுதி கம்பெனி சாப்பு குத்திக் கொடுங்கள்” என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்த நிமிடமே சீனியர் யாராவது உள்ளேயிருந்து எழுந்து வருவார்.

கியர்பாக்ஸை வெளியே பிரிக்க வேண்டாம், இப்போதைக்கு. பிரித்தால் ‘வெளி ஆள் கை வைத்துவிட்டார்’ என்று கதை முடிந்துவிடும். கியர்பாக்ஸ் மட்டும் பார்க்கும் பட்டறையில் ஸ்கேன் போட்டு, கோட் எண்களை அச்செடுத்து, போர்மெனிடம் அரைப் பக்கம் எழுதி வாங்குங்கள். அதைச் சேர்த்து ஷோரூமுக்கும் விநியோகிப்பவருக்கும் பதிவுத் தபால் அனுப்புங்கள். கியர்பாக்ஸை இலவசமாக மாற்றித் தாருங்கள், இல்லையென்றால் அதற்கான செலவைத் தாருங்கள், இத்தனாம் தேதிக்குள் பதில் தாருங்கள். இவ்வளவு போதும். மனவேதனையைப் பற்றி இரண்டு பக்கம் எழுத வேண்டாம்.

கேள்வி: கம்பெனிக்குத் தெரியும் என்பதை நிரூபிக்கத் தேவையில்லை என்கிறீர்கள். ஆனால் தெரிந்தே விற்றவன் தப்பிப்பது நியாயமா? அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லையா? (லிந்தாங் சாலை வாசகர், சுங்கை சிப்புட். டீச்சரின் கடிதத்தோடு ஒரே உறையில் வந்தது. ‘வீட்டுக்காரர்’ இவர்தான் என்று நினைக்கிறேன்.)

பதில்: நியாயமில்லைதான். வழியும் உண்டு. சில சமயம் அது ஸ்பேர் பார்ட்டிலேயே இருக்கும்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் சாவி போடும் சுவிட்ச் தளர்வாக இருந்தது. சாவிக் கொத்து கனமாக இருந்தாலோ, முழங்கால் இடித்தாலோ, ஓடும்போதே சாவி தானாகத் திரும்பிவிடும். இன்ஜின் நின்று, ஸ்டியரிங் கல்லாக இறுகி, மோதினால் காற்றுப்பையும் விரியாது. 2014-இல்தான் திரும்ப அழைத்தார்கள், அதுவும் 26 லட்சம் கார்கள். கம்பெனி அமைத்த நஷ்டஈட்டு நிதியே 124 சாவுகளை ஏற்றுக்கொண்டது. உள்ளே பொறியாளர்களுக்குப் பத்து வருடத்துக்கும் மேலாகத் தெரிந்த விஷயம்.

வெளியே வந்தது எப்படி? ஒரு பெண் விபத்தில் இறந்து, அவருடைய பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அவர்கள் வைத்த பொறியாளர் கழித்துப்போட்ட பழைய கார்களின் சுவிட்சையும், கடையில் வாங்கிய புது சுவிட்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரித்தார். இரண்டுக்கும் ஒரே பார்ட் நம்பர். ஆனால் புதியதில் சாவியைப் பிடித்து நிறுத்தும் சின்ன ஊசியும் ஸ்பிரிங்கும் கொஞ்சம் நீளம், வித்தியாசம் ஓரிரு மில்லிமீட்டர்தான். யாருக்கும் சொல்லாமல் பார்ட்டைச் சரிசெய்துவிட்டு, நம்பரை மட்டும் மாற்றாமல் விட்டிருந்தார்கள். நாற்பது வருடம் ஸ்பேர் பார்ட்டோடு புழங்கியவனுக்கு இதைப் படித்தபோது கோபம் கோபமாக வந்தது. பார்ட்டை மாற்றினால் நம்பரை மாற்று. எந்த ஸ்டோரிலும் அரிச்சுவடி அது.

உங்களுக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். கம்பெனி எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைத் திருப்பிக் கேளுங்கள். தரமுடியாது என்றால் அங்கேயே போட்டோ எடுங்கள், புதியதன் பெட்டியையும் சேர்த்து. பல கம்பெனிகளில் பாகத்தைத் திருத்தினால் நம்பரின் கடைசி எழுத்து மாறும். உங்கள் கிளட்ச்சுக்கு அந்த எழுத்து இரண்டு மூன்று தடவை மாறியிருந்தால், ‘இது அப்படித்தான் ஓடும்’ என்று சொன்ன நாளில் தலைமையகத்தில் யாரோ உட்கார்ந்து அதைத் திருத்திக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம். அதை நடுவரிடம் காட்டிக் கேட்கலாம். சர்வீஸ் சென்டர்களுக்குக் கம்பெனி அனுப்பும் தொழில்நுட்பச் சுற்றறிக்கை என்றும் ஒன்று உண்டு. இன்ன கோளாறோடு வந்தால் இன்னது செய்யுங்கள் என்று அதில் இருக்கும். அமெரிக்காவில் இவற்றை அரசாங்கத்தின் சாலைப் பாதுகாப்பு நிர்வாக இணையத்தளத்தில் யாரும் படிக்கலாம். அதே கியர்பாக்ஸ் அங்கே விற்றிருந்தால் தேடிப் பாருங்கள், காசு கிடையாது.

கேள்வி: அண்ணே, அப்பா ஒரு பழைய காடி வாங்கியிருக்கிறார், 2003 ஹோண்டா சிட்டி, மூன்றாவது கை. ஏர்பேக் மாற்ற வேண்டும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். மூன்றாவது கைக்கும் செய்து தருவார்களா? (தோட்டத்து இளைஞர், லாசா பக்கம்)

பதில்: செய்வார்கள் தம்பி, இலவசம்தான். இந்தப் பத்தியை முழுதும் படித்து முடிக்காமலே போன் போடு. அது தக்காத்தா என்ற கம்பெனி செய்த ஏர்பேக். பையை விரிக்க உள்ளே இருக்கும் அம்மோனியம் நைட்ரேட் மருந்து, வருடக்கணக்கில் சூட்டிலும் ஈரத்திலும் கெட்டுப்போய், வெடிக்கும்போது இரும்புக் கூட்டையே பிளந்து துண்டுகளை முகத்தில் எறியும். 2014 ஜூலையில் சரவாக்கில், சின்ன மோதலில், இதே 2003 சிட்டியில் ஒரு கர்ப்பிணிப் பெண் செத்துப்போனார். திரும்ப அழைப்பு கார் சேஸிஸ் எண்ணுக்குத்தான், ஆளுக்கு அல்ல. எத்தனை கை மாறினாலும் அந்தக் கடமை தீராது. கிராண்டில் இருக்கும் சேஸிஸ் எண்ணைச் சொன்னால் ஹோண்டா சர்வீஸ் சென்டரில் மாற்றியதா இல்லையா என்று பார்த்துச் சொல்வார்கள். மாற்றும் வரை அப்பா அந்தக் காரை எடுக்க வேண்டாம்.

கேள்வி: ஒரே மாடல் வைத்திருப்பவர்கள் வாட்ஸ்அப் குழு ஆரம்பித்திருக்கிறோம். சேர்ந்து ஒரே மனுவாகப் போடலாமா? ஃபேஸ்புக்கில் கம்பெனியைக் கிழிக்கலாமா?

பதில்: நடுவர் மன்றத்தில் அவரவர் கோரிக்கையை அவரவர் பாரத்தில் போடுங்கள். ஆனால் ஒரே வாரத்தில் போடுங்கள், ஒருவர் மனுவில் மற்றவர்களின் ஜாப் ஷீட் நகலை இணையுங்கள். ‘உங்களுக்கு மட்டும்தான் இப்படி’ என்ற வசனம் அதோடு தீர்ந்தது. குழுவில் காலை வணக்கப் படத்தை நிறுத்திவிட்டு ஒரு பட்டியல் ஆரம்பியுங்கள்: சேஸிஸ் எண், வாங்கிய தேதி, எத்தனை கிலோமீட்டரில் கோளாறு வந்தது, சர்வீஸ் சென்டர் என்ன சொன்னது. அந்தப் பட்டியலோடு பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கு எழுதலாம், தமிழிலேயே எழுதலாம். உள்நாட்டு வர்த்தக அமைச்சுக்கும் ஒரு நகல் போகட்டும். ஃபேஸ்புக்கில் நடந்ததைத் தேதியோடு போடுங்கள். ‘திருடன்’, ‘ஏமாற்றுக்காரன்’ என்று எழுதினால் அவதூறு என்று லாயர் கடிதம் வரும். அப்புறம் கியர்பாக்ஸை விட்டுவிட்டு அதோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

கேள்வி: செம்பனைக் குலை ஏற்றும் என் லோரிக்கும் இதே மன்றம் உதவுமா?

பதில்: கஷ்டம். வீட்டு, சொந்த உபயோகத்துக்கு வழக்கமாக வாங்கும் பொருளுக்குத்தான் அந்தச் சட்டம். உங்கள் கோரிக்கை 5,000 வெள்ளிக்குள் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம், அங்கேயும் லாயர் கிடையாது. லோரி கம்பெனி பெயரில் இருந்தால் அதுவும் ஆகாது. தனி ஆள் பெயரில்தான் போட முடியும். அதற்கு மேல் போனால் லாயர்தான்.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகன், அங்கே ‘லெமன் லா’ இருக்கிறது, ஆறு மாதத்துக்குள் கோளாறு வந்தால் விற்றவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்கிறான். நமக்கு?

பதில்: மகன் சொல்வது சரி. 2012 செப்டம்பரிலிருந்து அங்கே அது நடப்பில் இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் தெரியும் கோளாறு, கொடுத்தபோதே இருந்தது என்று எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்டும் பொறுப்பு விற்றவருடையது. நமக்குத் தனிச் சட்டமாக அப்படி ஒன்று, இதை எழுதும் வரை, பேச்சளவில்தான். வரும்போது வரட்டும், இருக்கும் 32-ஆம் பிரிவையே பாதிப் பேர் எடுத்துப் பார்ப்பதில்லை.

கேள்வி: சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் மட்டும் கார் ஒழுங்காக ஓடுகிறது. ‘பிரச்சினை தெரியவில்லை’ என்கிறார்கள். வீடியோ எடுத்தால் செல்லுமா?

பதில்: செல்லும், காட்டலாம். காலை முதல் ஓட்டத்தில் வராத நடுக்கம், அரை மணி நேரம் நெரிசலில் ஓடிச் சூடேறிய பிறகு வரும். அதனால் சர்வீஸ் சென்டரில் அப்பாயின்மெண்ட் எடுக்கும்போதே, கார் சூடான பிறகு போர்மெனோடு சேர்ந்து டெஸ்ட் டிரைவ் போக வேண்டும் என்று கேளுங்கள். பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள். வீடியோவை ஓட்டுபவர் எடுக்க வேண்டாம், கூட வருபவர் எடுக்கட்டும். ஆர்பிஎம் முள், வேக முள், முன்னால் சாலை மூன்றும் ஒரே சட்டத்தில் தெரிய வேண்டும். ஆரம்பிக்கும்போது தேதி, நேரம், இடம் வாயால் சொல்லிவிடுங்கள். ரேடியோவை அணைத்துவிடுங்கள். போன மாதம் ஒரு வாசகர் எனக்கு அனுப்பியதில், கியர்பாக்ஸ் சத்தத்தைவிட மின்னல் எஃப்எம் அறிவிப்பாளர்தான் தெளிவாகக் கேட்டார்.